தலை தீபாவளி அதிரசத்தில் மாட்டிய முன்பல்

தீபாவளி அன்னிக்குக் காலைல கிளினிக் ஷட்டரை நான் பாதிதான் தூக்கியிருந்தேன். அதுக்குள்ள ஒரு ஆள் குனிஞ்சு எனக்கு முன்னாடி உள்ள பூந்துட்டான். புதுச் சட்டை, காலர்ல மஞ்சள், தலையில சீயக்காய் வாசனை. வாயை மட்டும் கர்ச்சீப்பால பொத்தியிருந்தான்.

“அக்கா, டாக்டரம்மா கீறாங்களா?”

“மேல சாமி கும்பிட்டுக்கினு இருக்காங்க. இன்னாப்பா அவசரம்? முறுக்கு கடிச்சுப் பல்லு போச்சா?”

தலையை ஆமான்னும் ஆட்டினான், இல்லைன்னும் ஆட்டினான். சேர்ல உக்காரச் சொல்லிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

என்னைப் பத்திச் சொல்லிடறேன். நான் ஜரினா. திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு பல் கிளினிக்ல ரொம்ப வருசமா அசிஸ்டென்ட். சக்‌ஷன் பிடிக்கிறது, ஃபில்லிங் கலக்கிறது, ஊசியைப் பார்த்து அழுவுற ஆம்பளைங்க தோளைத் தட்டிக் குடுக்கிறது எல்லாம் என் வேலை. டாக்டரம்மா வீடு கிளினிக்குக்கு மேலேயே. ரம்ஜானுக்கு அவங்க எனக்கு லீவு குடுக்கறாங்க, தீபாவளி காலைல நான் கிளினிக்கைப் பார்த்துக்கறேன், அது எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. இந்த வேலைக்குப் புதுசா வர்ற பொண்ணுங்க படிக்கட்டும்னுதான் இதை எழுதறேன். டிரெயினிங்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க.

சீசன்

துணிக்கடைக்காரனுக்கு தீபாவளிக்கு முன்னாடி சீசன், எங்களுக்கு தீபாவளிக்கு அப்புறம். பண்டிகைக்கு முதல் நாள் வரைக்கும் ஒருத்தர்கூட வர மாட்டாங்க. வலிக்கிற பல்லுல கிராம்பை வெச்சுக்கினு இன்னொரு பக்கமா லட்டு தின்னுவாங்க. மறுநாள் பாருங்க, கன்னம் வீங்கி வரிசையா உக்காந்திருப்பாங்க. முறுக்குல ஃபில்லிங்கைப் பறிகுடுத்தவர் ஒருத்தர். அல்வாவுல கேப் கழண்டு, அதையும் சேர்த்து முழுங்கிட்டு, “அது திரும்ப வருமா மேடம்?”னு கேக்கிறவர் ஒருத்தர். வரும் சார், நீங்கதான் தேடணும்னு சொல்லுவேன்.

இதுல கொடுமை, ஆளாளுக்கு டாக்டரம்மாவுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டாருவாங்க. பல் டாக்டருக்குப் போய் ஜாங்கிரி! அவங்களும் வேணாம்னு சொல்றதில்ல. எக்ஸ்ரே ஃபிலிம் வெக்கிற டிராயர்ல பால்கோவா இருந்ததை என் ரெண்டு கண்ணால பார்த்திருக்கேன்.

அவங்க குடுக்கிற அட்வைஸ் ஒண்ணுதான். “தின்னுங்க, யார் வேணாம்னா? சாப்பாட்டோட ஒரேடியா தின்னுட்டு, தண்ணி ஊத்தி நல்லா கொப்புளிங்க. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் டப்பாவைத் தொறந்து தொறந்து ஒண்ணொண்ணா வாயில போடாதீங்க. படுக்கறதுக்கு முன்னாடி பிரஷ் பண்ணுங்க.” எல்லாரும் பக்தியாக் கேட்டுக்குவாங்க. வாசப்படி இறங்கறதுக்குள்ள பாக்ஸைத் தொறந்துடுவாங்க.

கர்ச்சீப்புக்குள்ள இருந்தது

டாக்டரம்மா பட்டுப்புடவை மேலயே கோட்டை மாட்டிக்கினு இறங்கி வந்தாங்க. அவன் கர்ச்சீப்பைப் பிரிச்சு டிரேல வெச்சான். பாதி கடிச்ச அதிரசம். அதுக்கு நடுவுல ஒரு முன்பல், ரோஸ் கலர் பிளேட்டோட நட்டுக்கினு நின்னுது. யா அல்லா! இத்தனை வருச சர்வீஸ்ல அதிரசத்துக்குப் பல் முளைச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன்.

அப்பதான் ஆள் அடையாளம் தெரிஞ்சுது. தினேஷ். ஹார்பர்ல லேஷிங் வேலை, அதாவது கப்பல்ல கன்டெய்னருங்க நகராம இரும்பு ராடு போட்டு இறுக்கிக் கட்டறது. ஒரு தடவை ராடு துள்ளி வாயில அடிச்சு, மேல முன்பல் ஒண்ணு போயிடுச்சு. பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடி அவசரமா எங்ககிட்ட வந்து, கழட்டி மாட்டுற பிளேட்டு வாங்கிக்கினு போனான். ராத்திரி கழட்டி, பிரஷ் போட்டுக் கழுவி, தண்ணில வைன்னு நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

“மாமியா வூடு எர்ணாவூரு அக்கா. தலை தீபாவளி. எல்லாரும் சுத்தி நின்னுக்கினு கடி மாப்ள, கடி மாப்ளன்னாங்க. கடிச்சு இழுத்தேன், கழண்டுகிச்சு. அப்படியே கர்ச்சீப்பால பொத்திக்கினு, பெட்ரோல் போட்டுக்கினு வரேன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்.”

டாக்டரம்மா வாயைத் தொறக்கச் சொல்லி லைட்டை இறக்கினாங்க. நான் எட்டிப் பார்த்தேன். மேலண்ணம் பூரா ரத்தச் சிவப்பு. பிளேட்டு உக்கார்ற இடம் அச்சு வெச்ச மாதிரி வீங்கியிருக்கு, ஓரமெல்லாம் புண்ணு.

“ராத்திரில கழட்டறதே இல்லையா?”

“கண்ணாலம் ஆனதுலேர்ந்து கழட்டல டாக்டரம்மா. அஞ்சு மாசமாவுது. கவிதாவுக்குத் தெரியாது.”

“பொண்டாட்டிக்கே தெரியாதா?”

“பொண்ணு பாக்கப் போனப்பவே மறைச்சுட்டேன். இப்போ தெரிஞ்சா ஏமாத்திட்டன்னு சொல்லிட்டுப் போயிடுவா.”

எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல. “ஏன்யா, கப்பல் மேல ஏறி அந்தரத்துல நிக்கிற, ஒரு பல்லைக் கழட்டிக் காட்டப் பயமா? வாய் அழுகிப் போனா மட்டும் அவ கொஞ்சுவாளா?”ன்னு கத்திட்டேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. வாயை மூடிக்கிட்டேன்.

பிளேட்டு நடுவுல கிராக். கோல்டு கியூர் பவுடரைக் கலந்து ஒட்டினா அரை மணி நேர வேலை. ஆனா டாக்டரம்மா ஒத்துக்கல. “புண்ணு ஆறணும். மருந்து தரேன், தடவு. ஒரு வாரத்துக்கு இந்த இடத்துல பிளேட்டு படக் கூடாது.”

அவன் சேரை விட்டு இறங்கிட்டான். “இன்னிக்கு ஒரு நாளு மாட்டி உடுங்க டாக்டரம்மா. மொத்த சொந்தமும் வந்துகீது, மத்தியானம் போட்டோ எடுப்பாங்க. அவ முன்னாடி இந்த ஓட்டையோட எப்படிப் போயி நிக்கிறது?” கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவனுக்கு. எனக்கே பாவமாயிடுச்சு.

கவிதா

அப்ப ஷட்டர் தடதடன்னு மேல போச்சு. புதுப் புடவையில ஒரு பொண்ணு, கையில ஸ்கூட்டி சாவி.

“யோவ், பின்னாடியே வந்தேன், வாசல்ல உன் பைக்கு நிக்குது. பெட்ரோல் பங்க்கு இதுவா? ஒரு வா அதிரசம் தின்னுட்டு ஓடற அளவுக்கு, எவளைப் பாக்கறதுக்கு வந்த?”

தினேஷ் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கினான். அவ என்னைப் பார்த்தா. மாஸ்க்கு, கிளவுஸ், என் வயசு, என் உடம்பு, எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்தா. அந்த சந்தேகம் அதோட அவளுக்குப் போயிடுச்சு. அப்புறம்தான் டிரேவைப் பார்த்தா.

“இது எங்கம்மா சுட்டதாச்சே. அதுல இன்னா?”

நானும் டாக்டரம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம். பேஷன்ட் சமாசாரத்தை நாங்க சொல்லக் கூடாது. கடைசில அவனே கையை எடுத்தான். ராடு அடிச்சது, பிளேட்டு வாங்கினது, கழட்டாமப் படுத்தது, எல்லாத்தையும் சொன்னான். அந்த ஓட்டை வழியா பாதி வார்த்தை காத்தாப் போச்சு.

அவ நான் உக்கார்ற ஸ்டூல்ல பொத்துன்னு உக்காந்தா. கத்துவான்னு நெனச்சேன். அழுதா.

“அஞ்சு மாசத்துல ஒரு நாளு என்னைப் பாத்து வாய் உட்டு சிரிச்சிருக்கியாயா நீ? ஜோக்கு சொன்னா மூஞ்சியத் திருப்பிக்குவ. கிட்ட வந்தா வாயப் பொத்திக்குவ. ராத்திரி செவுத்தப் பாத்துப் படுத்துக்குவ. இந்த ஆளுக்கு என்னைப் புடிக்கல, வூட்ல சொன்னாங்களேன்னு கட்டிக்கினான்னு நெனச்சுக்கினு இருந்தேன். பண்டிகை முடிஞ்சதும் அம்மாகிட்ட சொல்லிடலாம், இனிமே அங்க போவலன்னு இருந்தேன்யா. ஒரு பல்லுக்காவாயா இத்தினி?”

“உன்னைப் புடிக்காம இன்னா? புடிச்சதாலதான் பயந்தேன்.”

சொல்லிட்டு அவனும் ஓன்னு அழுதான். வாய் முழுசாத் தொறந்துச்சு. அவ அந்த ஓட்டையை அப்பதான் முதல் தடவை பார்த்தா. மூக்கைச் சிந்திக்கினே பார்த்தா. அப்புறம் அடக்க முடியாம சிரிச்சுட்டா. டாக்டரம்மா சிரிச்சாங்க. நானும் மாஸ்க்குக்குள்ள சிரிச்சேன். அவன் மட்டும் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியாம முழிச்சான்.

டாக்டரம்மா மருந்து எழுதிக் குடுத்து, புண்ணு ஆறினதும் கழட்ட வேண்டாத பல்லா கட்டிக்கலாம்னு சொன்னாங்க. அவன் தயங்கித் தயங்கி, “போட்டோ?”ன்னான்.

“போட்டோல சிரிக்கிற நீ,”ன்னா கவிதா. “வாய மூடிக்கினு நின்ன, பக்கத்துப் பல்லையும் நானே கழட்டிடுவேன்.”

ரெண்டு பேரும் ஒரே ஸ்கூட்டில போனாங்க. அவன் பைக்கு சாயங்காலம் வரைக்கும் எங்க வாசல்லயே கிடந்துச்சு.

நான் கத்துக்கிட்டது

பிளேட்டு குடுக்கும்போது எப்படி மாட்டணும், எப்படிக் கழுவணும்னு எல்லா அசிஸ்டென்ட்டும் சொல்லித் தருவாங்க. நானும் அவனுக்கு அதைத்தான் சொன்னேன், ஒரு வார்த்தை விடாம சொன்னேன், ஒண்ணும் பிரயோஜனமில்ல. ஒளிச்சு வெச்ச பல்லை எவன் கழட்டிக் கழுவுவான்? இப்பல்லாம் வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கிறது, “இது வூட்ல யாருக்குத் தெரியும்?”னுதான். யாருக்கும் தெரியாதுன்னு சொன்னா, பிளேட்டைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன். “இன்னிக்கு ராத்திரி அவங்க முன்னாடி இதைக் கழட்டு. கழுவறது எப்படின்னு நாளைக்கு வா, சொல்லித் தர்றேன்.”