எட்டுத் தலை உயரம்

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது சித்திர வாத்தியார் பெரிய படமொன்றைச் சுவரில் ஒட்டினார். வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைகாலை விரித்தபடி ஓர் ஆண். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் வரைந்ததாம். நல்ல உடம்பென்றால் உயரம் எட்டுத் தலை, அதாவது தலையின் நீளத்தைப் போல் எட்டு மடங்கு. விரித்த கைகளின் நீளமும் அதே உயரம். கடவுள் உலகத்தைப் படைத்த கணக்கிலேதான் மனிதனையும் படைத்தார் என்று அந்தக் காலத்து ஞானிகள் நம்பினார்களாம். பிறகு, வீட்டில் ஒருவரை நிற்கவைத்து வரைந்து வரச் சொன்னார். சரியான படங்கள் பெற்றோர் வரும் நாளில் சுவரில் தொங்கும்.

நான் அம்மாவை வரைந்தேன். அம்மா உடுப்புத் தொழிற்சாலையில் தைத்தார். பின்னேரங்களில் ஊரிலிருந்த எங்கள் தமிழ்ப் பெண்களுக்குச் சாரிச் சட்டையும் தைத்தார். மெஷினுக்கு முன் குனிந்து குனிந்து அவருடைய வலது தோள் மற்றதைவிடக் கீழே பதிந்துவிட்டது. வெளியே போகும்போது தோள் சமமாகத் தெரியச் சட்டைக்குள் அந்தப் பக்கம் துணி மடித்து வைப்பார். வீட்டில் வைப்பதில்லை. நான் கண்டதை வரைந்தேன்.

வாத்தியார் தோளுக்கு மேலே சிவப்புப் பென்சிலால் நேர்கோடு இழுத்தார். அளவு பிழை, தொங்காது என்றார்.

அடுத்த நாள் வேலை முடிந்த கையோடு அம்மா பள்ளிக்கு வந்தார். அவருக்கு டேனிஷ் வராது. நான்தான் நடுவில்.

"இவர் ஆரையும் அளந்து பாத்தவரோ எண்டு கேளடா."

நான் வாத்தியாரிடம், "அம்மா வணக்கம் சொல்கிறார்" என்றேன்.

வாத்தியார் சிரித்துக் கையை நீட்டினார். அம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, நீட்டிய அந்தக் கையையே அளந்தார். பிறகு மற்றக் கையை. ஒரு விரல் வித்தியாசம். சுவரோடு நிற்கவைத்துத் தலையை அளந்தார், உயரத்தை அளந்தார். ஏழு தலைதான் வந்தது. அம்மா ஓர் ஆணுக்கு அளவெடுத்து அதுவரை நான் கண்டதேயில்லை.

"இருவது வருசமாத் தைக்கிறன். அந்தப் படத்து ஆள் இன்னும் என்னட்ட அளவு குடுக்க வரேல்லை எண்டு சொல்லு."

இதை மட்டும் அப்படியே சொன்னேன். வாத்தியார் காதுவரை சிவந்தார். படத்தைத் தொங்கவிடுகிறேன், சிவப்புக் கோட்டை அழிக்கட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம். கிடக்கட்டும்."

பெற்றோர் நாளில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். அம்மா நல்ல சாரி உடுத்து, என் படத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றார். தோள் படத்தில் இருந்தது போலவே பதிந்திருந்தது.

"அம்மா, துணி வைக்க மறந்துபோனியள்" என்று காதுக்குள் சொன்னேன்.

"மறக்கேல்லை" என்றார், சத்தமாகவே.

ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அவரைத் தெரியாதவன் போல நழுவி, வட்டத்துக்குள் நின்ற அந்த ஆளுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன்.