வெள்ளிக்கிழமைச் சாணி

அன்று குழியோரம் நின்றவர்கள். நான். என் வீட்டுக்காரர். குழி கட்டிய கொத்தனார். பிளாக் ஆபீஸில் இருந்து வந்த சாண கேஸ் ஆபீசர். வெறுங்கையோடு எதிர்வீட்டு அக்கா.

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. முன்னால் கீற்றுப் பந்தலில் இட்லிக் கடை. சவுக்கு விறகுதான் எரித்தேன். மழை நாளில் எரியாது, புகையும். லாரிக்காரர்கள், "இன்னாம்மா, இட்லி வேவுதா, நீ வேவுறியா?" என்பார்கள். ஊதிக்கொண்டே இருப்பேன். கண் சிவந்தே கிடக்கும்.

எண்பதுகளில் சாண எரிவாயுவுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. குழி வெட்டிக் கட்டி, மேலே இரும்பு டிரம்மைக் கவிழ்த்து, அடுப்புக்குக் குழாய் இழுக்கணும். பேங்குக் கடனில் கட்டினோம். மார்ச் முடிவதற்குள் அடுப்பு எரிவதை ஆபீசர் பார்த்து எழுதினால் மானியம் கடனில் கழியும். எரியாவிட்டால் முழுக்கடனும் எங்கள் தலையில். மாட்டை விற்றுத்தான் அடைக்கணும். இருந்ததே இரண்டு மாடு. அது போனால் சாணி ஏது, கேஸ் ஏது.

மார்ச் பிறந்துவிட்டது. குழி நிரம்பினாலும் கேஸ் பிடிக்க மூன்று வாரம் ஆகுமாம். "இந்த வாரமே ரொப்பிடுங்க. எந்த நாளுன்னு சொல்லுங்க, வந்து பாக்கறேன். நான் பாத்தப்பறந்தான் டிரம்மைக் கவுக்கணும்" என்றார் ஆபீசர். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று நாங்கள்தான் சொன்னோம்.

இரண்டு மாட்டுச் சாணி எதற்குக் காணும். தெருவில் கேட்டு வாங்கிக் கரைத்து ஊற்றினோம். வியாழக்கிழமை முக்கால் குழி. மீதி நாளைக்கு என்று படுத்துவிட்டோம்.

விடிந்ததும் கூடையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்காவிடம் நாலு எருமை. "இன்னிக்கி இன்னா கெழமை?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. சாணியில் லட்சுமி இருக்கிறாள். வெள்ளிக்கிழமை எந்த வீட்டிலும் வெளியே கொடுக்க மாட்டார்கள். நானும் கொடுத்ததில்லை.

உச்சி வெயிலில் ஆபீசர் வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கி ரொப்பிடறோம் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாளைக்கி நான் மேல்மலையனூர் பக்கம் போறேங்க. திரும்பி வர பத்து நாளு ஆவும். அப்பறம் எங்க மார்ச்சுக்குள்ள எரியறது?"

"நல்ல நாளு பாத்தீங்களே" என்றார் கொத்தனார்.

நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவும் என்னோடு மாட்டைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"ஏன்டி, ஊட்ல மல்லாட்டை கீதா?" வேர்க்கடலையைத்தான் கேட்டாள்.

"வெதைக்கி வெச்ச மூட்டை கீதுக்கா."

"ஒண்ணு எடுத்தா."

"ஒரு படியா?"

"ஒரு கொட்டைடி. கூடைக்கி ஒண்ணு. சும்மா குடுத்தாத்தான் லட்சுமி போவா. மாத்திக்கினா போவ மாட்டா."

"எருமைகிட்ட லட்சுமி எப்ப வந்தா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உங்கூட ஒருத்தி குடும்பம் பண்ணலையா, அதுமாரிதான்."

ஆபீசர் சிரித்துவிட்டார். கடை பெஞ்சில் பையை வைத்து உட்கார்ந்தார். "ரொம்பற வரைக்கும் இருக்கேன்" என்றார்.

அக்கா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். பெண்கள் கூடையோடு வந்தார்கள். நான் மடியில் மல்லாட்டையைக் கட்டிக்கொண்டு கூடைக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கொட்டக் கொட்ட, கொத்தனாரும் என் வீட்டுக்காரரும் கரைத்து ஊற்றினார்கள்.

கடைசியாக வந்தவள் மாடே இல்லாதவள். ரோட்டில் சாணி பொறுக்கி வறட்டி தட்டி விற்பாள். அன்றைய வறட்டிக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொட்டினாள்.

"எனக்கு ரெண்டு குடு" என்றாள். "அவளுங்களுக்கு மாடு போட்டுச்சி. நான் குனிஞ்சில்ல பொறுக்கினேன்."

இரண்டு கொடுத்தேன். ஒன்றை அங்கேயே உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் குழி நிரம்பியது. ஆபீசர் பார்த்து, டிரம்மைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார். மார்ச் முடிய இன்னும் நாள் இருந்தது. முதலில் சேர்ந்த, காற்று கலந்த கேஸை அவர் சொன்னபடி முன்னமே வெளியே விட்டிருந்தோம். இப்போது குச்சியைக் கிழித்து வைத்ததும் பிடித்தது. நீல நெருப்பு. புகை இல்லை. பால் பொங்கியது. ஆபீசர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு எழுதினார்.

மானியம் கடனில் கழிந்தது. மீதியை இட்லி விற்றுக் கட்டினோம். மாடு இரண்டும் எங்கள் கொட்டகையிலேயே இருந்தன.

"சாணி வாசம் வருமாம்மா?" என்பார்கள் லாரிக்காரர்கள்.

"மோந்து பாத்துட்டுத் துன்னு" என்பேன்.

மானியம் கொடுத்த அரசாங்கத்துக்கு நன்றி. பொறுத்து உட்கார்ந்த ஆபீசருக்கு நன்றி. தெருவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று வந்தது முப்பது கூடை. நான் கொடுத்தது முப்பத்தி ஒரு மல்லாட்டை.