பெனிஷா படுக்கும் பெட்டி

ஃபிரடிக்குப் பொய் பேசத் தெரியாது என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கும் ஆலை ஒன்றின் குவாலிட்டி பிரிவில் பல வருடமாக இருக்கிறான். தையல் நூலளவு விலகியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவான். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் எடுக்கமாட்டான். அதை நேர்மை என்று சொல்லலாம்தான். ஆனால் பிறர் தைத்ததில் குறை காண்பதற்கு அதிக நேர்மை தேவைப்படுவதில்லை.

அவன் மகள் பெனிஷாவுக்கு வயது ஏழு. ஆட்டிசம் உள்ள குழந்தை. கட்டிலில் கிடத்தினால் எழுந்துவிடுவாள். பாயில் போட்டால் உருண்டு போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவிலுள்ள சந்தில் கொஞ்சம் கண்ணயர்வாள், அவ்வளவுதான். ஃபிரடியும் மனைவி அன்னபுஷ்பமும் முறை வைத்து விழித்திருந்தார்கள். போன வருடம் வாஷிங் மெஷின் வாங்கினார்கள். அது வந்த அட்டைப்பெட்டிக்குள் அன்று மதியமே பெனிஷா புகுந்தாள். ஒரு பக்கம் முதுகும் மறுபக்கம் முழங்காலும் முட்டச் சுருண்டு, சாயங்காலம் வரை தூங்கினாள். அப்படி ஒரு தூக்கத்தை அவர்கள் அவளிடம் பார்த்ததில்லை. ஃபிரடிதான் பெட்டியைப் படுக்கைவாட்டில் வைத்து, ஆலையில் கழித்த ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிவந்து உள்ளே விரித்தான். ஓரம் கிழியும்போதெல்லாம் டேப் ஒட்டினான்.

இவ்வளவும் செய்தவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனோடு வேலை செய்யும் உதயசூரியன், தன் தங்கையின் கல்யாணப் பத்திரிகை வைக்க வாலாஜாபாத்திலிருந்து வந்தான். ஃபிரடிக்கு மகள் உண்டு என்று ஆலையில் தெரியும். அதற்குமேல் அவன் சொன்னதில்லை. அடுக்களையில் அன்னபுஷ்பம் டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து பெனிஷா ஒரு காலி டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உதயசூரியன் உட்காரும்போதே கூடத்து மூலையிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டான்.

“இன்னா ஃபிரடி, சொல்லவே இல்ல. நாய் வளக்குறியா? நம்ம ஸ்பாஞ்சு எல்லாம் போட்டு ஏசி ரூம் கணக்கா கீது!”

இல்லை என்று ஒரு சொல் போதும்.

“ஆமாண்ணா. குட்டி. இப்பதான் எட்த்தாந்தோம்.”

“எங்க, காணோம்?”

“மாடில கட்டிகீது.”

“குடுத்து வெச்ச நாய்டா. எங்கூட்ல எனக்கு நல்ல தலகாணி ஒண்ணு கெடையாது.”

ஃபிரடியும் சேர்ந்து சிரித்தான். அடுக்களையில் டப்பா மூடும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. பிறகு டீ வந்தது. அன்னபுஷ்பம் கல்யாணம் எங்கே என்று விசாரித்தாள், வாசல்வரை வந்து வழியனுப்பினாள். திரும்பி வந்து கேட்டாள்:

“நாய்க்கு இன்னா பேரு வெச்சிகீறீங்க?”

ஃபிரடி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான். பெனிஷாவுக்குக் கேட்டிருக்கும், புரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டான். மகளுக்குப் புரியாது என்பதில் ஆறுதல் தேடியதை உணர்ந்தபோது, பொய்யைவிட அதுதான் அதிகமாகச் சுட்டது.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் உதயசூரியன் அவன் கையில் ஒன்றை வைத்தான். மணி கோத்த சிவப்புக் கழுத்துப்பட்டை. சின்னக் கழுத்துக்கானது.

“எம் பொண்ணு குடுத்தனுப்புச்சி. நாயின்னா அவளுக்கு உசுரு. ஒரு நாள் இட்டாறேன், காட்டு.”

“அண்ணா, நாய் இல்ல. அது எம் பொண்ணு படுக்குற பெட்டி.”

உதயசூரியன் சிரித்தான். ஃபிரடியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

“அவளுக்கு ஆட்டிசம்ணா. கட்டில்ல தூக்கம் வராது. அதுலதான் தூங்குவா.”

“தூங்கட்டுமே, அதுல இன்னா கீது? நான் தெரியாம கேட்டேன். நீ ஏண்டா ஆமான்ன?”

முன் சீட்டில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். உதயசூரியன் பட்டையை வாங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாலு பேர் பார்ப்பார்களே என்று வரும் வெட்கம், உண்மையைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். இது போகவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்ததும் மனைவியிடம், “சொல்ட்டேன்” என்றான்.

“யார்கிட்ட? அந்த அண்ணங்கிட்டயா? அவரயா நாயின்னீங்க?”

ஃபிரடி பெட்டி முன்னால் குந்தினான். பெனிஷா உள்ளே சுருண்டு படுத்திருந்தாள். கண் திறந்தே இருந்தது. “பாப்பா” என்றான். கையை உள்ளே நீட்டினான். அவள் அந்தக் கையை, இடம் மாறிக் கிடக்கும் பொருளை எடுத்து வைப்பதுபோல வெளியே வைத்துவிட்டு, அட்டை மடலை இழுத்துச் சாத்திக்கொண்டாள். தூக்கம் வந்தால் தினமும் செய்வதுதான். இன்று அதற்கு வேறு பொருள் உண்டா என்று அவளிடம் கேட்க அவனுக்கு வழியில்லை. சட்டைகூட மாற்றாமல் பெட்டிக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தான்.