ஓடு உடைக்காத மாஸ்டர்

மகளைக் கராத்தே வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். மாஸ்டர் கையை ஓங்கி அடிக்க, கூரை ஓடு படாரென்று இரண்டாகியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் ஊரான அரியாலையில் இதே சத்தத்தைக் கேட்டபோது எனக்குப் பத்து வயது. போரும் பொருளாதாரத் தடையுமான காலம். சீமெந்து, ஓடு எதுவும் மருந்துக்கும் கிடையாது. ஷெல் விழுந்த எங்கள் வீட்டுக் கூரையில் பாதி தென்னோலைக் கிடுகு. அந்த நாளில், அம்மா என்னைச் சேர்க்கக் கூட்டிப்போன வகுப்பில் ஒரு மாஸ்டர் ஓடுகளை அடுக்கி வைத்து உடைத்துக் காட்டினார். நான் வாய் பிளந்து நின்றேன். அம்மாவுக்குக் கோபம் பற்றிக்கொண்டது.

"ஊரெல்லாம் ஒழுகுது, உவர் ஓடு உடைக்கிறார். வா பிள்ளை, போவம்."

பக்கத்து ஊரில் இருந்த இன்னொரு மாஸ்டரிடம் கூட்டிப்போனார்.

"அடிக்க எப்ப பழக்குவியள்?" என்று அம்மா கேட்டார்.

"முதல் விழப் பழகட்டும், அக்கா."

அம்மாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. நான் அழுதேன். பிறகு வாரக்கணக்காக மணலில் விழுந்தேன். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு ஒட்டி, தோளால் உருண்டு, எழும்பி, மறுபடி விழுந்தேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்து வரும்போது அம்மாவின் சைக்கிள் பள்ளத்தில் இறங்கியது. கரியரில் இருந்த நான் பறந்து, உருண்டு, சிராய்ப்பில்லாமல் எழும்பி நின்றேன். அம்மா கிளுவை வேலிக்குள் கிடந்தார்.

"பாத்துக்கொண்டு நிக்காமல் தூக்கடி! நாளைக்கு நானும் வாறன் எண்டு உன்ரை மாஸ்டரிட்டைச் சொல்லு."

சொன்னபடியே வந்தார், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு.

இப்போது என் மகள் உடைந்த ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விழப் பழக்குவியளோ?" என்று மாஸ்டரைக் கேட்டேன். அவர் அடுத்த ஓட்டுக்குக் கையை ஓங்கினார்.

மகளின் கையைப் பிடித்தேன்.

"வா பிள்ளை, போவம்."