சிங்கத்திடம் பேசியே வீடு வந்த எதெல்மிரா

எதெல்மிராவின் தொண்டை அந்த வட்டாரம் முழுக்கப் பிரசித்தம். சீலோயே தீவில் படகோட்டியின் மகளாகப் பிறந்தவள். அக்கரையில் நிற்கும் அப்பாவை இக்கரையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டே வளர்ந்த தொண்டை. இருபத்திரண்டு வயதில், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்துக்குச் சமையல்காரியாகத் தெற்கே பட்டகோனியாப் புல்வெளிக்கு வந்தாள். ரோசமெல் என்கிற மேய்ப்பனைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள்.

ரோசமெல் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவன் பங்கையும் சேர்த்து அவளே பேசினாள். அவன் வேலை பார்த்த ஆட்டுப் பண்ணையின் கடைக்கோடியில், மலையடிவாரத்தில், தகரக் கூரை வீடு. பக்கத்து வீடு குதிரையில் அரை நாள் தூரம். அதனால் கெட்டிலிடம் பேசுவாள், கோழிகளிடம் பேசுவாள், துணியைக் கொடியிலிருந்து பிடுங்கிப் போகும் காற்றை நிறுத்தி வைத்துத் திட்டுவாள்.

புல்வெளியில் திரியும் பூமாவை அங்கே யாரும் பூமா என்று சொல்வதில்லை. பிடரி இல்லாவிட்டாலும் அவர்களுக்கு அது சிங்கம்தான். முப்பது வருஷத்தில் எதெல்மிரா பார்த்ததெல்லாம் அதன் கால்தடத்தையும், அது தின்றுவிட்டுப் போன ஆட்டின் மிச்சத்தையும்தான். ஆளை நேரில் பார்த்தது பிப்ரவரி மாதத்து ஒரு காலைப்பொழுதில்.

கலாபாத்தே பழுக்கும் மாதம் அது. கருநீலப் பழம், முள்ளுச் செடி. ஜாம் செய்ய வாளியும் கையுமாகப் புறப்பட்டு, ஒரு புதரடியில் குந்தி உட்கார்ந்து பறித்துக்கொண்டிருந்தாள். பின்கழுத்தில் என்னவோ குறுகுறுத்தது. நிமிர்ந்தால், பதினைந்து அடி தள்ளி மணல் நிறத்தில் ஒரு சிங்கம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடக் கூடாது, முதுகு காட்டக் கூடாது, குனியக் கூடாது. அந்தப் பக்கத்துக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. எதெல்மிரா மெதுவாக எழுந்தாள்.  தோளில் கிடந்த போஞ்சோ போர்வையை இரண்டு கையாலும் அகல விரித்துத் தன்னைப் பெரிதாக்கிக்கொண்டாள். சத்தம் போட வேண்டும். என்ன சத்தம் போடுவது என்று அவள் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

"என்ன பாக்குற? நான் ஆடு இல்ல. உடம்பு பூரா எலும்பு, மிச்சம் வாதம். தின்னா உனக்குத்தான் கஷ்டம்."

சிங்கம் காதை மட்டும் அசைத்தது. எதெல்மிரா ஒரு அடி பின்னால் வைத்தாள். அதுவும் எழுந்து ஒரு அடி முன்னால் வைத்தது.

"உக்காருன்னு சொல்றேன்ல. பெரியவங்க பேசும்போது எழுந்திருக்கலாமா?"

அப்படி ஆரம்பித்தது பேச்சு. தங்கச்சி கல்யாணத்தில் விருந்துக்கு வைத்திருந்த பன்றி அவிழ்த்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடியதைச் சொன்னாள். மாமியார் சாகும்வரை தன் ரொட்டியில் குறை சொன்னதைச் சொன்னாள். பல் பிடுங்கப் போய் நல்ல பல்லைப் பறிகொடுத்ததைச் சொன்னாள். கதைக்கு நாலு அடியாகப் பின்னால் நகர்ந்தாள். நின்றால் அது நிற்கும், நகர்ந்தால் நகரும். அது பக்கவாட்டில் திரும்பியபோதுதான் வயிற்றைக் கவனித்தாள். பால் கட்டிய காம்புகள். எங்கோ பாறை இடுக்கில் குட்டிகள் இருக்க வேண்டும். மேட்டின் உச்சிக்கு வந்தபோது அது வாய் கிழியக் கொட்டாவி விட்டு, புல்லில் படுத்துக்கொண்டது.

கீழே வீட்டு வாசலில் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ரோசமெல், போஞ்சோவை இறக்கை மாதிரி விரித்தபடி, கத்திக்கொண்டே பின்புறமாக மேடிறங்கி வரும் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"யாரு கூட சண்டை, கிழவி?"

"சிங்கத்துகூடய்யா."

அவன் மேட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "பாவம்" என்றான். யாரைச் சொன்னான் என்று கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள், பிறகு சிரித்தாள். அவன் மாத்தேயை அவள் கையில் திணித்துவிட்டுத் துப்பாக்கியோடு மேடேறிப் போனான். சிங்கம் இல்லை. வாளியை மட்டும் எடுத்து வந்தான்.

சேதி பண்ணை மேலாளர் காதுக்குப் போனது. சிங்கத்தைச் சுடக் கூடாதென்று சட்டம் இருந்தது, ஆனால் அது இருந்தது தலைநகரில். மூன்றாம் நாள் காலை, சிங்க வேட்டைக்காரன் பால்தோமெரோ ஐந்து நாய்களோடு வந்து குதிரையை விட்டு இறங்கினான்.

"எந்தப் பக்கம்னு கை காட்டுங்கக்கா. மத்தத நான் பாத்துக்கிறேன்."

எதெல்மிராவுக்குச் சிங்கத்தின் மேல் பிரியமெல்லாம் கிடையாது. அவள் ஊட்டி வளர்த்த ஆட்டையே தின்றிருக்கிறது. ஆனாலும் கை எழவில்லை. மேற்கே மழை மேகம் திரண்டிருந்தது. ஒரு மழை பெய்தால் மோப்பம் கரைந்துவிடும்.

"வெறும் வயித்தோடயா மலையேறுவ? உக்காரு தம்பி."

ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள். எண்ணெயில் ரொட்டி பொரித்தாள். அது தீர்ந்ததும் இன்னொரு ஈடு போட்டாள். மாத்தே கோப்பை கை மாறிச் சுற்றி வந்தது. சிங்கத்துக்குச் சொன்ன கதைகளை எல்லாம் பால்தோமெரோவுக்கும் சொன்னாள், வளர்ப்பு ஆட்டைச் சிங்கம் தின்ற கதையையும் சேர்த்து. அவன் இரண்டு முறை எழுந்தான், இரண்டு முறையும் தட்டு நிறைந்தது. மூன்றாவது முறை எழுந்தபோது கூரையில் மழை விழ ஆரம்பித்திருந்தது. நாய்கள் அடுப்படியில் எலும்பைக் கட்டிக்கொண்டு தூங்கின.

ரோசமெல் இதையெல்லாம் மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.  விறகு குறையும்போதெல்லாம் அவனே எழுந்து போய்க் கொண்டுவந்து போட்டான்.

மழை விட்டதும் பால்தோமெரோ குதிரைக்குச் சேணம் பூட்டினான். "எதுக்கு இத்தனை பேச்சுன்னு எனக்குத் தெரியாதாக்கா? ரொட்டி நல்லா இருந்துச்சு, அதனால கேக்கல."

"மேலாளர்கிட்ட என்ன சொல்லுவ?"

"மலை தாண்டிப் போயிடுச்சும்பேன். ஆமா, உங்க வளர்ப்பு ஆட்டையே தின்ன சனியனுக்கு ஏன் இவ்வளவு?"

 "முப்பது வருஷத்துல நான் பேசினத எழுந்து போகாம முழுசா கேட்டது அது ஒண்ணுதான் தம்பி."

உள்ளே மூலையிலிருந்து ரோசமெல் தொண்டையைக் கனைத்தான்.

அடுத்த மாதம் மேலாளர், வேட்டைக் கூலி வீணென்று, வேட்டைக்காரனுக்குப் பதிலாக இரண்டு வெள்ளைக் காவல் நாய்க்குட்டிகளை அனுப்பிவைத்தார். ஆட்டுக்குட்டிகளோடு ஒரே பட்டியில் வளர்ந்து, தங்களையும் ஆடென்றே நினைத்துக்கொண்டு மந்தையைக் காக்கும் ஜாதி. வந்த முதல் நாளே இரண்டும் ரோசமெல்லின் பூட்ஸைக் கடித்துக் குதறின. அவன் அவற்றைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு பட்டியில் உட்கார்ந்துவிட்டான். சாப்பிடக் கூப்பிட வந்த எதெல்மிரா வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அவள் புருஷன் நாய்க்குட்டிகளிடம் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குழம்பு ஆறினால் ஆறட்டும் என்று அவள் சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள்.