ஓசி மகாராணியின் டிக்கெட்டுகள்

என் ஓரகத்திக்கு எங்கள் வீட்டில் ஓசி மகாராணி என்று பெயர். வைத்தது என் வீட்டுக்காரர். அண்ணியை இப்படியா சொல்வது என்று நான் அவரைக் கடிந்துகொண்டேன். அவளோ, "மகாராணின்னு என்னை வேற யாரு கூப்பிடப் போறா, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான், ஆளுக்கோர் அறை, சமையலறை பொது. அதனால் அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. என்னைப் பற்றி அவளுக்கும்தான்.

நான் அக்கா என்று கூப்பிடும் அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத கூடம். நாள் முழுக்க ஆவியும் ஈரத்துணி வாடையும். விரிப்பின் இரண்டு முனையை இவள் பிடிக்க, எதிர் முனைகளை இன்னொருத்தி பிடிக்க, உதறி, இழுத்து, நடந்து வந்து சேர்த்து மடிக்க வேண்டும். பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்பதே மேலே ஏறி வந்தால்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. நானாக இருந்தால் அன்றைக்குக் கட்டிலை விட்டு இறங்கமாட்டேன். அவள் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொள்வாள்.

அனுமதி இலவசம் என்று எங்கே எழுதியிருந்தாலும் அங்கே அவளுடைய கால் நிற்கும். எழுதியில்லாத வாசலிலும் நிற்கும். உள்ளே வரலாமா என்று கேட்பாள். "கேட்டா வாயா தேஞ்சிடும்?" என்பது அவள் கட்சி. அப்படிக் கேட்டே மீன் காட்சியகம், கண்ணாடிக் கூரை போட்ட தாவரத் தோட்டம், பழைய துறைமுகத்தின் கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். ஒரு நாள் நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து, முன்பின் தெரியாத அண்ணன் தம்பிகளின் சுவர்த் தகராறைச் சாயங்காலம்வரை கேட்டுவிட்டு வந்தாள். தம்பி பக்கம்தான் நியாயம் என்று அந்த வாரம் பூராவும் எங்களோடு சண்டை.

ஆரம்பத்தில் நான் அவளைக் கேலி செய்துகொண்டுதான் இருந்தேன். வீட்டிலேயே தையல் வேலை எனக்கு. உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு அகலமாகிவிட்டது, நடக்கச் சொன்னால் எரிச்சல் வரும். ஒரு முறை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நகர மன்றத்தில் பெரிய வாத்தியக்குழு ஒன்று கச்சேரிக்கு முதல் நாள் ஒத்திகை பார்க்குமாம், யார் வேண்டுமானாலும் உட்காரலாமாம். போனால், மேடையில் எல்லோரும் வீட்டுச் சட்டையில் இருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடந்தேன் என்று அக்காவை முறைத்தேன். அப்போது நடுவில் நின்றவர் கையை உயர்த்தினார். அத்தனை வயலின் வில்லும் ஒன்றாக இறங்கின. என் நாற்காலி அதிர்ந்தது. என் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ நடப்பது போல இருந்தது. பொய் சொல்லவில்லை, கை கால் சில்லிட்டுப் போய்விட்டது. நடுவில் நின்றவர் பாதியில் நிறுத்தி, முகம் சுளித்து, மறுபடி அதே இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னார். அதையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.

அக்கா என் காதில், "தப்பு பண்றதையும் காட்டறாங்க பாரு. காசு குடுத்து வர்றவங்களுக்கு இது கிடைக்காது" என்றாள். அன்றிலிருந்து நானும் மகாராணியின் பரிவாரத்தில் ஒருத்தி.

இனி பெரியவர் கதைக்கு வருகிறேன். பெரியவர் என்றால் அக்காவின் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரரின் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரின் உயரமான கட்டிடங்களின் லிஃப்டுகளில் பாதிக்கு மேல் அவர் கைபட்டு ஓடியவை. கை நடுங்க ஆரம்பித்ததும் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அன்று அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தவர்தான். குளிக்க, சாப்பிட வெளியே வருவார். மற்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். பேச்சு குறைந்தது, பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் என்று ஆனது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், இப்படியே உட்கார்ந்திருந்தால் மருந்தால் ஒன்றும் ஆகாது, ஆளை எப்படியாவது வெளியே நடமாட வையுங்கள் என்று அக்காவிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார். அக்கா அன்று சமையலறையில் வந்து நின்ற முகத்தை நான் மறக்கமாட்டேன். பயம் என்றால் என்னவென்று தெரியாத பெண்பிள்ளை அவள்.

கூப்பிடாமல் இருப்பாளா? கூப்பிட்டாள். கையில் காசில்லாதவனுக்கு ஊரில் என்ன வேலை என்றார். காசே வேண்டாம், எல்லாம் இலவசம் என்றாள். அவ்வளவுதான், ஆளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓசியில பார்க்கிறதுக்கு நான் என்ன பிச்சைக்காரனா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சுபாவமே அது. வேலை பார்த்த இடத்தில் தேநீர் கொடுத்தால்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய் வாங்கிக் குடிப்பவர். ஆனால் அவருக்கு இன்னொரு சுபாவமும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய எதையும் வீணாக்கப் பொறுக்காது. சாதம் ஊசிப்போனால்கூட அரை நாள் வருத்தப்படுவார்.

அக்கா இதைத்தான் பிடித்துக்கொண்டாள். ஹோட்டலில் தங்குபவர்கள் துணி போட்டால் ஒவ்வொரு பைக்கும் ஓர் அட்டை கட்டுவார்கள். மஞ்சள் அட்டை, ஹோட்டல் முத்திரை, பெரிதாக ஓர் எண். துணி திரும்பிப் போனதும் அட்டை குப்பைக்கு. அதில் இரண்டு மூன்றை எடுத்து வந்து பெரியவர் முன்னால் போட்டாள். "மியூசியத்துக்கு டிக்கெட் வாங்கிட்டேன். திருப்பித் தரமாட்டாங்களாம். வர்றீங்களா, இல்ல கிழிச்சுப் போடட்டுமா?" என்றாள். பெரியவர் அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். வாழ்நாளில் மியூசியம் பக்கம் போகாதவர், டிக்கெட் எப்படி இருக்கும் என்று எதைக் கண்டார்? சட்டையை எடுத்து மாட்டினார்.

வாசல் காவலாளிகள் எல்லோரும் அக்காவுக்குப் பழக்கம். அவள் முதல் நாளே போய் விஷயத்தைச் சொல்லிவைப்பாள். மியூசியத்து மீசைக்காரர் அந்தச் சலவை அட்டையைப் பயபக்தியோடு வாங்கி, ஓரத்தைக் கிழித்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருந்தது. அனுமதி இலவசம் என்ற பலகை எங்கே இருக்கிறதோ, அதன் முன்னால் போய் நான் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். என் உடம்புக்கு வீட்டில் முதல்முறையாக மரியாதை கிடைத்தது.

மியூசியத்தின் நடுக்கூடத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை அந்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் தலையிலிருந்து வாலுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதன் விலாவுக்குள் எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் வைக்கலாம். இப்படி ஒன்று உயிரோடு, ரத்தமும் சதையுமாக, இருட்டுத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. பெரியவர் திமிங்கலத்தைப் பார்க்கவில்லை. அதைத் தாங்கும் கம்பிகளைத்தான் பார்த்தார். கம்பி வழியாகக் கண் மெல்ல இறங்கி எலும்புக்கு வந்தது. அப்புறம் நெடுநேரம் அங்கிருந்து அகலவில்லை. "யாரு மாட்டியிருப்பா இதை?" என்றார். மாதக்கணக்கில் தானாக ஒரு வார்த்தை பேசாத வாய் திறந்தது. அக்கா என் கையை நசுக்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு தாவரத் தோட்டம், கலங்கரை விளக்கம், வாத்தியக்காரர்கள் என்று ஒவ்வொன்றாகப் போனோம். எல்லாவற்றுக்கும் மஞ்சள் அட்டைதான். பெரியவர் வந்தார், ஆனால் டிக்கெட் இருந்தால் மட்டும் வந்தார். இல்லாத நாளில் பழையபடி கட்டில், சுவர். முகமும் வர வரக் களைத்துக்கொண்டே போனது. வெளியே போய் வந்தும் ஏன் இப்படி என்று அக்காவுக்கு விளங்கவில்லை. மாத்திரை வாங்கி வரட்டுமா என்றால், இருக்கிறது, இருக்கிறது என்பார்.

கடைசியாக அவள் மனதில் வைத்திருந்தது ஊரிலேயே உயரமான கட்டிடம். உச்சியில் சுற்றிலும் ஒரு மாடம் உண்டு, காலை வேளையில் பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். அந்தக் கட்டிடத்தின் லிஃப்டைப் பெரியவர் வருஷக்கணக்கில் பராமரித்திருக்கிறார். லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து, இருட்டுக் குழிக்குள் ஏறி இறங்கி, வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாக வந்துவிடுவார். மாடத்தில் கால் வைத்ததில்லை. அக்கா அந்த இடத்தின் பெயரைச் சொன்னதும் பெரியவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, டிக்கெட் வாங்கிவிட்டாயா என்று கேட்டார். வாங்கியாச்சு என்றாள். அன்று சட்டைக்கு அவரே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

நாங்கள் போன அன்று பார்த்து, சொல்லிவைத்த காவலாளி லீவு. வாசலில் புதிய ஆள். பலகை முன்னால் நான் போய் நின்றேன். அக்கா கண்ணைக் காட்டுவதற்குள் பெரியவர் மூன்று அட்டைகளையும் நீட்டிவிட்டார். புது ஆள் வாங்கித் திருப்பிப் பார்த்து, நல்ல குரலில், "ரெண்டு சட்டை. கஞ்சி வேண்டாம்" என்று படித்தார். அட்டையின் பின்பக்கத்தை அதுவரை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. இது எதற்கு, இங்கே டிக்கெட்டே கிடையாதே, எல்லோருக்கும் இலவசம்தானே என்றார் அந்த மனுஷன். அவர்மேல் தப்பில்லை.

பின்னால் வரிசை நின்றது. பெரியவர் ஒதுங்கிப் போய்ப் பளிங்குத் திண்டில் உட்கார்ந்தார். இன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் இந்த ஆள் இனி ஜென்மத்துக்கும் வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன். அக்காவும் அதைத்தான் நினைத்திருப்பாள். அவர் எதிரில் போய்க் கைகட்டிக்கொண்டு நின்றாள்.

"மியூசியத்துக்கும் டிக்கெட் இல்லையா?"

"இல்லீங்க."

"அந்த வாத்தியக்காரங்க?"

"அதுவும் இல்ல. எல்லாமே சும்மாதான். சொன்னா வரமாட்டீங்கன்னு..."

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ எனக்காகச் செலவு பண்றேன்னு நான் மாத்திரையைப் பாதியா உடைச்சில்ல போட்டுக்கிட்டிருக்கேன்" என்றார்.

அக்கா அந்தப் பளபளத்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எப்போதிருந்து என்று கேட்டாள்.

"திமிங்கலத்துல இருந்து."

சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். போன இடத்தில் அழுகையும் வந்தது. திரும்பி வந்தபோது அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மேலேயும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், முதலில் டாக்டரிடம் போகலாம், நடங்கள் என்று ஒரே பிடியாக நின்றாள். அத்தனை வாசலிலும் எங்களை இழுத்துக்கொண்டு நுழைந்தவள் முதல்முறையாக ஒரு வாசலில் திரும்பிப் போகப் பார்த்தாள். பெரியவர் எழுந்தார். தெருப்பக்கம் நடக்கவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. சும்மாதானே, பார்த்துட்டுப் போவோம்."

லிஃப்டுக்குள் அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். மேலே போகப் போக எனக்குக் காது அடைத்தது. அவர் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. வெளிச்சம். காற்று. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் கீழே ஊர் முழுவதும் கிடந்தது. நான் பிறந்து வளர்ந்து, திட்டித் தீர்த்து, பேருந்துக்குக் காத்து நின்ற ஊர் இதுதானா என்று திகைத்துப்போனேன். ஆறு எங்கே திரும்புகிறது என்று அன்றுதான் பார்த்தேன். தெருவெல்லாம் ஒன்றில் ஒன்று போய்ச் சேர்கிறது. எங்கேயோ ஒரு மாடியில் யாரோ துணி உலர்த்தினார்கள். கப்பல்கள் நகராமல் நகர்ந்தன. இவ்வளவு பெரிய இடத்தில் நமக்கும் ஓர் அறை இருக்கிறதே என்று மனசு பொங்கிவிட்டது.

பெரியவர் நான்கு பக்கமும் மெதுவாகச் சுற்றி வந்தார். உயரமான கட்டிடங்களின் மொட்டைமாடி ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி போல ஒரு சின்ன அறை தெரிந்தது. லிஃப்டின் மோட்டார் இருக்கும் அறையாம். "அதுக்குள்ள நான் இருந்திருக்கேன்" என்று ஒன்றைக் காட்டினார். "அதுலயும். அந்தப் பச்சைக் கட்டிடத்துல மூணு வருஷம்." விரல் நடுங்கிக்கொண்டே ஊரெல்லாம் போனது. அத்தனை உச்சியிலும் இருந்தவர் அன்றுதான் வெளியே பார்க்கிறார். அக்கா ஊரைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் அவள் பக்கம் திரும்பினார். இது தினமும் திறந்திருக்குமா என்று கேட்டார். தினமும் என்றாள்.

"அப்ப நாளைக்கு நீ வேலைக்குப் போனதும், நான் மட்டும் வந்துட்டுப் போகட்டுமா?"

மகாராணி தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.