துவக்குக்கு ஓர் எண்ணெய்க் காப்பு

செல்வத்தின் துவக்கைக் கெடுத்தவன் நான். கெடுத்ததோடு நின்றேனா? அது அவனுடைய கைவேலையின் குறை என்று அவனையே நம்ப விட்டு, அந்த நம்பிக்கைக்கு இத்தனை வருடமாகக் காவலும் இருந்து வருகிறேன்.

கெடுத்த விதத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்! நானும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சிரித்திருக்கிறேன். சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு வெட்கம் வரும் பாருங்கள்... அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். துவக்கு என்றால் துப்பாக்கிதான், ஆனால் அது சுடாது. வெள்ளைக்காரன் நம் கடற்கரைகளில் கால் வைத்த புதிதில், கொக்கும் தாராவும் சுடுவதற்கென்று ஆள் உயரக் குழலோடு ஒன்று கொண்டுவந்தானே, அதன் அச்சு அசலான மாதிரி. குழலுக்குள் இரும்பை இறுக்கி, ஒரு கடுகுகூடப் போகாதபடி அடைத்திருந்தோம். அதில் மிஞ்சியிருந்த உயிர் தீப்பொறி ஒன்றுதான். விசையை இழுத்தால், இரும்புத் தாடை கவ்வியிருக்கும் தீக்கல் பாய்ந்து வந்து ஓர் உருக்குத் தகட்டை உரசும். பொறி பறக்கும். பறக்காவிட்டால் அது சுவரில் மாட்டுகிற வெறும் தடி.

செல்வம் மலேசியாவில் ஈப்போக்காரன். படிக்க வந்து, பொறியியலாளனாகி, லண்டனிலேயே தங்கிவிட்டான். நான் யாழ்ப்பாணத்தான், கவுன்சில் கந்தோரில் உத்தியோகம். அப்போது இருவரும் கோலியர்ஸ் வுட்டில் ஒரே தெரு. ஒரு மழை ஞாயிறன்று பொழுது போகாமல் அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போனோம். அங்கே கண்ணாடிக்குள் கிடந்த பறவைத் துவக்கைப் பார்த்தவன் அந்த இடத்தை விட்டு அசைய மறுத்துவிட்டான்.

“அண்ணே, இத நாமளே செஞ்சா என்ன?”

“உமக்கு விசரே?” என்று கேட்டேன். கேட்ட வாயாலேயே அடுத்த சனிக்கிழமை வால்நட் மரத்துக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு குளிர்காலம் என் தோட்டத்து ஷெட்டில் கழிந்தது. மரம் என் பங்கு, இரும்பு அவன் பங்கு. நான் செதுக்கினேன், தேய்த்தேன், விரலை வெட்டிக்கொண்டேன், மறுபடி தேய்த்தேன். அவன் சிறிய உலையொன்றை வைத்துக்கொண்டு அந்தப் பொறி தெறிக்கும் பகுதி முழுவதையும் தன் கையாலேயே அடித்து, அராவி, தீயில் காய்ச்சி இறுக்கினான். முதல்முறை விசையை இழுத்துப் பொறி பறந்த நாளில், இரண்டு தொப்பைக்காரர்களும் ஷெட்டுக்குள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, தேநீர் கொண்டுவந்த என் மனைவி பவானி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆகா, என்ன நாள் அது!

இப்படிப் பழைய துவக்கு மாதிரிகளைச் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. எல்லோரும் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள், நல்ல மனிதர்கள். ஆனால் அந்தப் பொறிப் பகுதியை மட்டும் எல்லோரும் கடையில் வாங்கித்தான் பொருத்துவார்கள். செல்வம் தானே செய்ததாகச் சொன்னபோது அவர்களின் தலைவர் மெதுவாகச் சிரித்தார். “தகட்டை வீட்டில் இறுக்குவது சிரமம் ஐயா, பலருக்கும் சரிவருவதில்லை. நம் சங்கத்துக் காட்சி நாளில் பார்ப்போம்” என்றார். செல்வம் தலையாட்டிவிட்டு வந்தான். அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. காட்சி மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் பொறி பறந்தாக வேண்டும்... அவனுக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் ஊரறிந்த நாத்திகன். பவானி கோயிலுக்குள் போனால் நான் காருக்குள் பேப்பர் படிப்பேன். செல்வம் தன் காரில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தான். பேசிப் பேசியே அதைக் கழற்ற வைத்தவன் நான். எனக்கு அதில் எவ்வளவு பெருமை!

காட்சிக்கு முந்திய வாரம் ஆயுத பூசை வந்தது. செல்வம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அண்ணே, சும்மா ஒரு பொட்டு வச்சுறலாமா? மனசுக்கு ஒரு இதுவா இருக்கும்.”

“நீர் சூடு சரியாக் குடுத்திருந்தால் பொறி வரும். சரஸ்வதி வந்து ஊதிவிட மாட்டா,” என்றேன்.

அவன் முகம் சிவந்து சிரித்தான். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மரத்துக்குக் கடைசி மெருகேற்ற வேண்டும் என்பதால் துவக்கு என் வீட்டில் இருந்தது. பூசையன்று பவானி கோயிலுக்குப் போய்விட்டாள். நான் தனியே அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். தலைவரின் அந்த மெல்லிய சிரிப்பு நினைவுக்கு வந்தது. செல்வம் சோற்றை அளைந்துகொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. பறக்காவிட்டால்? பாவி, பறக்காவிட்டால் இவன் என்ன ஆவான்?

எழுந்தேன்... துவக்கையும் தூக்கிக்கொண்டு சாமியறைக்குள் போனேன்!

இத்தனை காலம் அந்தப் பக்கம் தலை காட்டாதவனுக்கு முறை என்ன தெரியும்? ஒரு பொட்டோடு விட்டிருக்கலாம். அரைகுறை ஞாபகத்தில் சாமிக்கு எண்ணெய்க் காப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. இரும்புக்கும் எண்ணெய் நல்லதுதானே என்று என் பகுத்தறிவும் கூடவே தலையாட்டியது. பவானியின் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து, தாடைக்கும் தகட்டுக்கும் தாராளமாகத் தடவினேன். சந்தனம் வைத்தேன். குங்குமம் வைத்தேன். கற்பூரம் கொளுத்தினேன். “அம்மா, என்ர மானம் போனாலும் பரவாயில்லை, இவன்ர பொறி மட்டும் பறக்க வேணும்” என்று வாய்விட்டே கேட்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பவானியின் கார் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் பழந்துணியால் அவசர அவசரமாகத் துடைத்தேன். சூடேறியிருந்த வீட்டுக்குள் எண்ணெய் தண்ணீராய் இருந்தது. தகடு பளபளத்தது. சுத்தமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

லண்டனில் குடியிருக்கும் நம்மவர் எவருக்கும் தெரியும், குளிர் பட்டால் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்று. தலைக்கு வைப்பதற்கு முன் போத்தலை ஹீட்டரின் மேல் வைத்து உருக்குகிறோமே! எனக்கு அது அன்று தோன்றவில்லை.

காட்சி நடந்த மண்டபத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. செல்வம் கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தான். துவக்கைத் தோளில் சார்த்தி, மூச்சைப் பிடித்து, விசையை இழுத்தான்.

டக்.

அவ்வளவுதான். கல்லை மாற்றினான். மறுபடி டக். கல் தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. தலைவர் அவன் முதுகைத் தட்டி, “மரவேலை மிகப் பிரமாதம்” என்றார். அதைவிட ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

ரயிலில் வரும்போது செல்வம்தான் என்னைத் தேற்றினான்.

“ஒங்க மரம் அருமைண்ணே. என் இரும்புதான் காலை வாரிருச்சு. மேல்தோல் மட்டும் இறுகியிருக்கு போல, உரசி உரசித் தேஞ்சு போச்சு. துப்பாக்கிய நீங்களே வச்சுக்குங்க. எனக்குப் பாக்க முடியாது.”

வீட்டுக்கு வந்து தகட்டை விரலால் தொட்டேன். மெழுகு போல் ஒன்று வழுக்கியது. நகத்தால் சுரண்டினேன், வெள்ளையாக வந்தது, மூலையில் கொஞ்சம் மஞ்சளும். முகர்ந்தேன்... சந்தனம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு விசையை இழுத்தேன். பொறி மழையாகக் கொட்டியது! கார்ப்பெட்டில் ஓர் ஓட்டை விழும் அளவுக்குக் கொட்டியது.

தொலைபேசி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரே வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால், சாமியறையில் கைகூப்பி நின்ற இந்த மனிதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே! நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கார்ப்பெட் ஓட்டையின் மேல் ஒரு முக்காலியை நகர்த்தி வைத்தேன்.

இதுவரை சொன்னது நான் செய்த தவறு. இனிச் சொல்வதுதான் பாவம்.

செல்வம் பிறகு சவுத்தாலுக்கு வீடு மாறிப் போய்விட்டான். உலையை விற்றுவிட்டான். அரம் முதலிய கருவிகளை எனக்கே தந்துவிட்டான். எப்போதாவது குடும்பத்தோடு சாப்பிட வருவான். துவக்கு மாட்டியிருக்கும் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவான். யாராவது அவனிடம் ஓர் இழுப்பு இழுத்துக் காட்டச் சொன்னால்? அந்தப் பயத்தில், அவன் வருகிற ஒவ்வொரு முறையும், வாசல் மணி அடிப்பதற்கு முன்பே, தகட்டில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி வைக்கத் தொடங்கினேன். ஆம், வேண்டுமென்றே! அவன் போன பிறகு துடைத்துவிட்டு, தனியே விசையை இழுத்துப் பொறியைப் பார்த்து ரசிப்பேன். என்ன அழகான பொறி தெரியுமா? அதைச் செய்தவனைத் தவிர மற்ற எவன் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற நிலையில் வைத்திருந்தேன்.

போன மாதம் செல்வம் தொலைபேசியில் கூப்பிட்டான். மனசு கேட்கவில்லையாம். தகட்டைக் கழற்றிக்கொண்டு போய், இரவல் உலை ஒன்றில் மறுபடி தீயில் வைத்து இறுக்கப் போகிறானாம். மனசுக்குள் கத்தினேன்: நல்ல தகட்டை எதற்கடா தீயில் வைக்கிறாய்!

அவன் வருவதாகச் சொன்ன நாளில் நான் எண்ணெய் தடவவில்லை. அழுத்தித் துடைத்து வைத்தேன். என் வாய் சொல்லாததை அந்தத் தகடு சொல்லட்டும் என்று எண்ணினேன். அவன் வந்தான், சிரித்துக்கொண்டே திருகாணியைக் கழற்றத் தொடங்கினான்.

“ஒருக்கா இழுத்துப் பாருமன்,” என்றேன்.

“வேணாம்ணே. அது லட்சணம் எனக்குத் தெரியாதா?”

கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பவானியின் வடையைப் புகழ்ந்தான். நான் வாசல் வரைக்கும் போய், “கவனமா ஓட்டும்” என்று மட்டும் சொன்னேன்.

நேற்று மறுபடி கூப்பிட்டான்.

“தகடு வெடிச்சுருச்சுண்ணே. ரெண்டாப் போச்சு.” ஆனால் குரலில் பழைய உற்சாகம்! “பரவால்ல, முதல்லேருந்து புதுசாச் செய்யப் போறேன். ஒண்ணே ஒண்ணு, நீங்க சிரிக்கக் கூடாது. போன தடவ ஒங்க பேச்சக் கேட்டு ஒரு பொட்டுகூட வைக்கல. இந்தத் தடவ ஆயுத பூசைக்கு அதுக்கு முறையா எல்லாம் செய்யப் போறேன்.”

“எண்ணெய் மட்டும் படாமப் பாத்துக்கொள்ளும்,” என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

“எண்ணெயா? எதுக்குண்ணே எண்ணெய்?”

இப்போது சொல்... இப்போதாவது சொல்லித் தொலை!

“சும்மா சொன்னனான்,” என்றேன்.

அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். நான் சுவரிலிருந்து துவக்கை இறக்கி, பழக்கத்தில் விசையை இழுத்தேன். கல் பாய்ந்தது. உரசுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.